அண்ணன் மகளைப் போல

இல்லண்ணாச்சி, நான் திருச்செந்தூர் வரைக்கும் வரல. முன்னாடியே குரும்பூர்ல இறங்கிருவேன். நீங்க கோயிலுக்கா? நல்லது. பெட்டியில ஒட்டியிருக்க சீட்டைப் பாத்துட்டுதானே கேட்டீங்க? ஆமா, சிகாகோதான். யாரு கேட்டாலும் ஆமான்னுருவேன். உண்மையச் சொன்னா சிகாகோவுக்குள்ள இல்ல, அங்கேயிருந்து ரயில்ல ஒரு மணி நேரம் வெளிய. குரும்பூர்ல குடியிருந்துக்கிட்டு திருநெல்வேலின்னு சொல்லுத மாதிரின்னு வைங்களேன்.

அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதுக்குத்தான் வாரேன். சந்தோசம்தான். சந்தோசமில்லாம என்ன. மூஞ்சி வாடியிருக்குன்னா, ரெண்டு பிளைட்டு மாறி, ரயிலேறி வந்த களைப்பு. வேற ஒண்ணுமில்ல.

ஒரு வருத்தம் உண்டு. அந்தப் பிள்ளை மேலதான். கட்டிக்குடுக்கப் போற நேரத்துல சொல்லக் கூடாது. ஆனா நீங்க கோயிலுக்குப் போறவரு, இனிமே நம்ம ரெண்டு பேரும் எங்க பாக்கப் போறோம். சொல்லுதேன்.

அவ பேரு இசக்கியம்மாள். எங்க அண்ணன் அருணாசலபாண்டிக்கு ஒரே பிள்ளை. அவன் வாழையிலைக் கமிசன் கடை வச்சிருக்கான். இவ திருநெல்வேலியில சிவில் இஞ்சினியரிங் படிச்சா. காலேஜுல இருந்து ஒரு பருவம் வெளிநாட்டுல போயிப் படிக்கிறதுக்குப் பிள்ளைகள அனுப்புதாவ. அவியள்ல ஒருத்தர் இங்க வருவாவ, இவியள்ல ஒருத்தர் அங்க போவாவ. அதுல இவளுக்கு இடம் கிடைச்சிட்டு. அயோவான்னு ஒரு மாநிலம், முழுக்கச் சோளக்காடு. அங்கன ஒரு யுனிவர்சிட்டி.

போன நவம்பர்ல, நன்றி சொல்லுத பண்டிகைன்னு ஒண்ணு வருமே, வான்கோழிய முழுசா வேக வச்சுத் தின்பாவ, அப்ப ஹாஸ்டல மூடிருவாவளாம். அண்ணன் போன் போட்டான். “தம்பி, பிள்ளை உன் வீட்டுக்கு வரட்டுமாடே, சிகாகோவப் பாக்கணும்னு ஆசைப்படுதா”ன்னான். வரட்டும்னேன். என் மக கலிபோர்னியாவுல படிக்கா, அந்தப் பண்டிகைக்கு அவ வரல. ரூம் காலியாத்தான் கிடந்துச்சு. என் வீட்டுக்காரி தமயந்திக்கு ஒரே குதியாட்டம். புளிக்குழம்பு வச்சுப் போட ஆள் கிடைச்சுட்டுன்னு.

பஸ்ஸுல வந்து இறங்கினா. நான் எட்டத்துல நிக்கேன். அத்தனை வெள்ளைக்காரனுக்கும் நடுவுல இருந்து “சேர்மக்கனிச் சித்தப்பா”ன்னு ஒரு சத்தம். குரும்பூர்ச் சந்தையில கூப்பிடுவாவள்ல, அந்தச் சத்தம்.

என் பேரு அதுதான் அண்ணாச்சி. சேர்மக்கனி. ஏரல் சேர்மன் சாமிக்கு நேந்து வச்ச பேரு. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒரு சேர்மக்கனி, ஒரு சேர்மதுரை இருப்பான்லா. ஆனா அங்க நான் ஷெர்மன். வேலைக்குச் சேந்த புதுசுல ஒருத்தனுக்கும் வாயில நுழையல. கனிய மட்டும் உதிர்த்துட்டேன். ஷெர்மன்னு வெள்ளைக்காரனுக்கே பேரு உண்டு. அதனால யாரும் ரெண்டாவது தடவ கேக்க மாட்டான். இருபது வருசமா அப்படியே ஓடிட்டு இருக்கு. அவ அப்படிக் கூப்பிட்டதும் எனக்கு யாரையோ கூப்பிடுத மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாக்க ஒரு நிமிசம் ஆச்சு.

பண்டிகைக்கு மறுநாள் ஊரைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனேன். தமயந்திக்குக் காய்ச்சல், அவ வரல. கூட வந்திருந்தா இது ஒண்ணும் நடந்திருக்காது. அதையும் சொல்லணும்.

ஊரைச் சுத்திக் காட்டப் போனேனே தவிர, எனக்கு அந்த ஊரு தெரியாதுண்ணாச்சி. பாஸ்போர்ட்டுக்குப் போயிருப்பேன், ஊர்ல இருந்து யாரும் வந்தா ரெண்டு கட்டடத்தக் காட்டிட்டுத் திரும்பிருப்பேன். நம்ம வேலை, நம்ம வீடு, சாமான் வாங்க ஒரு கடை, அம்புட்டுதான். அவளோ ஒவ்வொண்ணா கேக்கா. “சித்தப்பா, அந்தக் கட்டடம் என்னது?” பேங்குன்னேன். “இது?” இதுவும் பேங்குதான்னேன். நாலாவதையும் பேங்குன்னதும் சிரிச்சுட்டா. “இந்த ஊர்ல எல்லாரும் பணத்த எண்ணிக்கிட்டேதான் இருப்பாவளா சித்தப்பா”ன்னா.

அங்க ரயிலு தெருவுக்கு மேல ஓடும். இரும்புத் தூணு நட்டு, மாடிக்குச் சரியா தண்டவாளம். அதுல ஏறினதுல இருந்து அவ சன்னல விட்டு நகரல. “சித்தப்பா, ஒரு வீட்டுல சட்டியக் கழுவுதாவ. ஒரு ஆபீசுல ஒருத்தர் மேசையில தலைய வச்சுத் தூங்குதார். நம்ம ஊர்ல இப்படி எட்டிப் பாத்தா அடிக்க வருவாவ, இங்க டிக்கெட் போட்டுக் காட்டுதாவ”ன்னா. தமிழ்லதான் சொன்னா, ஆனா சத்தமாச் சொன்னா. எதுத்தாப்புல ஒரு அம்மா நிமிர்ந்து பாத்துச்சு. நான் “மெதுவாப் பேசு”ன்னேன். சரின்னா. ரெண்டு நிமிசம் கழிச்சு மறுபடியும் அதே சத்தம்.

பெறகு ஏரி. ஏரின்னா நம்ம கடம்பாக்குளம்னு நினைச்சுராதீங்க. கடல்தான். அக்கரை தெரியாது, அலை அடிக்கும். குளிரு எலும்புக்குள்ள போகுது. இவ படியில இறங்கி, கையுறையக் கழத்திட்டு, ஒரு கை அள்ளி வாயில ஊத்திட்டா. ஊத்திட்டு என்னயத் திரும்பிப் பாத்து, “உப்பே இல்ல சித்தப்பா”ன்னா. ஏமாந்துபோன மூஞ்சி. திருச்செந்தூர்க் கடல்ல தெளிச்சுக்கிடுவோம்லா, அது மாதிரி மிச்சத்தத் தலையில தெளிச்சுக்கிட்டா. அங்கன ஓடிக்கிட்டிருந்த ஒருத்தன் நின்னு பாத்துட்டுப் போறான். எனக்குக் காதெல்லாம் சூடாயிட்டு. பைத்தியம்னு நினைச்சிருப்பான்லா.

நான் அவளக் குறை சொல்லல. சின்னப்பிள்ளை. ஆனா நமக்குன்னு ஒரு இது இருக்குல்லா. இருபது வருசமா ஒருத்தன் திரும்பிப் பாக்காத மாதிரி வாழ்ந்திருக்கேன். அது லேசான காரியம் இல்ல.

அவ பாக்கணும்னு வந்ததே ஆத்தத்தான். ஊருக்கு நடுவுல ஒரு ஆறு ஓடுது. அது முன்னாடி ஏரியில போயி விழுந்துட்டு இருந்துச்சாம். ஊர்க் கழிவெல்லாம் ஆத்துல, ஆறு ஏரியில, ஏரித் தண்ணியத்தான் குடிக்கதுக்கு எடுக்காவ. அதனால நூறு வருசத்துக்கு முன்னாலேயே கால்வாய் வெட்டி, ஆத்தையே பின்பக்கமாத் திருப்பி விட்டுட்டாவளாம். இத அவதான் எனக்குச் சொன்னா. பக்கத்துலயே இத்தனை வருசம் இருந்திருக்கேன், எனக்குத் தெரியாது. “ஆமாமா, படிச்சிருக்கேன்”ன்னேன்.

ஆத்தங்கரையில கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒரு காஞ்ச இலையத் தண்ணியில போட்டா. இலை அசையல. நின்ன இடத்துலயே நிக்கி. கொஞ்ச நேரம் கழிச்சு மெல்ல நகருது. ஏரிப் பக்கம் இல்ல, உள்ள, ஊருக்குள்ள. அவளுக்கு அப்ப இருந்த சந்தோசத்தச் சொல்ல முடியாது. “சித்தப்பா, பாருங்க, ஏரிய விட்டுத் தள்ளிப் போகுது. சித்தப்பா, போகுது பாருங்க”ன்னு கம்பி மேல பாதி சாஞ்சுக்கிட்டு. நான் அவ சட்டையப் பிடிக்கப் போறேன், அப்பத்தான் பின்னால இருந்து “ஷெர்மன்”னு ஒரு குரல்.

கேத்லின். எனக்கு மேல உள்ளவ. ஆபீசுல என் தலையெழுத்து அவ கையிலதான். புருசனோட துணிமணி வாங்க வந்திருக்கா, கை நிறையப் பை. நான் இசக்கிய விட்டு ரெண்டெட்டு தள்ளி வந்து நின்னுதான் பேசினேன். வேணும்னு செய்யல. காலு அதுவா வந்துட்டு. வாழ்த்து சொன்னேன், வான்கோழி நல்லா வந்துச்சான்னு கேட்டேன். அதுக்குள்ள இசக்கி வந்துட்டா. தலையில இன்னும் ஈரம், கழுத்துல தமயந்தியோட சால்வை, மூக்கு செவந்து கிடக்கு. மூஞ்சி முழுக்கச் சிரிப்பு. என் பக்கத்துல வந்து உரசிக்கிட்டு நிக்கா.

கேத்லின் கேட்டா, “உன் மகளா?”ன்னு.

நான் என்ன சொன்னேன்னு நினைக்கீங்க? பொய் ஒண்ணும் சொல்லல. “இல்ல இல்ல. இவ ஒரு மாணவி. இந்தியாவுல இருந்து படிக்க வந்திருக்கா. லீவுல ஹாஸ்டல் கிடையாதுன்னு எங்க வீட்டுல தங்க இடம் குடுத்திருக்கோம்”ன்னேன். இதுல ஒரு வார்த்தை பொய் உண்டா சொல்லுங்க. மாணவிதானே. தங்க இடம் குடுத்தேன்தானே. சித்தப்பன், பெரியப்பன் கணக்கெல்லாம் அவியளுக்கு விளங்காது. எல்லாத்துக்கும் அங்கிள்தான். அதை அங்கன நின்னு குளிர்ல வெளக்கிட்டு இருக்க முடியுமா?

கேத்லினுக்குக் கண்ணு கலங்கிட்டு. “எவ்வளவு பெரிய மனசு உனக்கு”ன்னா. புருசன் என் கையப் பிடிச்சுக் குலுக்குதான்.

இசக்கி ஒரு நொடி என்னயப் பாத்தா. ஒரே ஒரு நொடிதான். பெறகு கேத்லினப் பாத்து நல்ல இங்கிலீசுல, “ஆமா மேடம், மிஸ்டர் ஷெர்மன் ரொம்ப அன்பானவர்”ன்னா.

அம்புட்டுதான் நடந்தது. சண்டையா, சத்தமா, ஒண்ணுமில்ல. அவிய போயிட்டாவ. நாங்களும் வந்துட்டோம். திரும்பி வரும்போது ரயில்ல மெதுவாத்தான் பேசினா. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னா. நல்லா இருந்துச்சுன்னா. ஒரு பெரிய எஃகு மொச்சைக்கொட்டை மாதிரி வச்சிருக்காவ, அதுல மூஞ்சி பாத்தமே, அதப்பத்திக்கூடச் சொன்னா. வீட்டுக்கு வந்ததும் “சித்தி, காய்ச்சல் எப்படி இருக்கு”ன்னு தமயந்தி நெத்தியத் தொட்டுப் பாத்தா, கஞ்சி வச்சுக் குடுத்தா.

என்கிட்ட, “சாப்பிட வாங்க”ன்னா.

எனக்கு உடனே பிடிபடல. ஞாயித்துக்கிழமைதான் பிடிபட்டுது. “காபி வச்சிருக்கேன்.” “போன் அடிக்கி பாருங்க.” “கதவப் பூட்டிரட்டுமா?” மரியாதையில ஒரு குறையும் கிடையாது. வாங்க, போங்க எல்லாம் இருக்கு. அந்த ஒரு சொல்லு மட்டும் இல்ல. வந்து இறங்குனதுல இருந்து வாக்கியத்துக்கு ஒரு சித்தப்பா போட்டுக்கிட்டு இருந்தவ. சித்தப்பா இல்லாமலே ஒருத்தன்கிட்ட நாள் முழுக்கப் பேச முடியும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

தமயந்தியும் கவனிச்சிருக்கா. “என்னயச் சித்திங்கா, உங்கள மட்டும் ஏன் ஒண்ணும் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கா?”ன்னா. “படிச்ச திமிரு”ன்னேன். வேற என்ன சொல்ல?

அதுதான் என் வருத்தம். இத்தனூண்டு பிள்ளைக்கு அம்புட்டு ரோசம். கோவம்னா கேக்கணும்லா. “ஏன் சித்தப்பா அப்படிச் சொன்னீங்க”ன்னு ஒரு வார்த்தை கேட்டா, நான் ஏதாவது சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன்னு கேக்காதீங்க. ஏதாவது.

இதோட போச்சான்னா, போகல. கேத்லின் ஆபீசு முழுக்கச் சொல்லிட்டா. ஷெர்மன் முன்னப்பின்ன தெரியாத பிள்ளைக்கு வீட்டுல இடம் குடுத்தான்னு. லிப்டுல ஆளுக்காளு முதுகுல தட்டுதான். கிறிஸ்மசுக்கு முன்னால எங்க ஆபீசுல எல்லாரும் சேந்து ஒரு விருந்து சாப்பிடுவோம். அதுல அந்தப் பிள்ளையக் கம்ப்யூட்டர்ல கூப்பிட்டு, சிகாகோவப் பத்தி என்ன நினைக்கான்னு பேச வைப்போம்னுட்டா கேத்லின். பரீட்சை இருக்கும்னு சொல்லிப் பாத்தேன். கேத்லினே யுனிவர்சிட்டிக்கு நேரடியா எழுதிக் கேட்டு, இசக்கியும் சரின்னுட்டா.

முந்தின நாள் நானே இசக்கிக்குப் போன் போட்டேன். மனசுல ஒண்ணு நினைச்சுத்தான் போட்டேன். ஆனா வாய்ல வந்தது, “நல்லா பேசுமா, அவசரப்படாம பேசு.” அதுக்கு அவ, “சரிங்க”ன்னா. நம்ம ஊர்ப்பிள்ளை சித்தப்பன்கிட்ட “சரிங்க”ன்னு சொல்லுமாண்ணாச்சி? கடைக்காரன்கிட்ட சொல்லுவாவ.

விருந்தன்னைக்குச் சுவர்ல பெருசா அவ மூஞ்சி. கீழ நாங்க எல்லாரும் தட்டோட உக்காந்திருக்கோம். இவ இப்ப போட்டு உடைக்கப் போறான்னு நினைச்சேன். உடைச்சா என்ன ஆகும்? அங்க இருக்கவனுக்கு ஷெர்மன்னா யாரு, சேர்மக்கனின்னா யாருன்னு ஒரு நிமிசத்துல தெரிஞ்சு போகும். சொந்த ரத்தத்த யாரோன்னு சொன்னவன்னு தெரிஞ்சு போகும்.

அவ பேசினா. நல்லா பேசினா. உயரமான கட்டடத்தப் பத்திப் பேசல. “ரயில்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. இவியளுக்கு யாருமே வேண்டாம் போலன்னு நினைச்சேன். ஆனா நான் கையுறையத் தவறவிட்டப்ப மூணு பேரு அதத் தூக்கிட்டு என் பின்னாலேயே ஓடி வந்தாவ. அதுல இருந்து இந்த ஊரப் பத்தி அவசரமா முடிவுகட்டக் கூடாதுன்னு வச்சிருக்கேன்”ன்னா. ஏரியில உப்பில்லாததச் சொன்னா. எல்லாரும் சிரிச்சாவ. ஆத்தைத் திருப்பினதப் பத்திச் சொன்னா. “சிவில் படிக்கவளுக்கு அதப் பாக்கது கோயிலப் பாக்க மாதிரி. ஆனா ஒண்ணு கேக்கணும்னு தோணிச்சு. திருப்பிவிட்ட அழுக்கு இப்ப யாரு ஊருக்குப் போகுது?”ன்னா. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாவ. பெறகு கை தட்டினாவ.

கடைசியா கேத்லின் கேட்டா. “ஷெர்மன் வீடு எப்படி இருந்துச்சு? அவரு எப்படிப் பாத்துக்கிட்டாரு?”

நான் தட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன். அவ சொன்னா: “மிஸ்டர் ஷெர்மன் என்னயச் சொந்த அண்ணன் மகளைப் போலப் பாத்துக்கிட்டாரு.”

போல.

அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுதாவ. என்னயப் பாத்துத்தான். கேத்லின் என் தோளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நானும் எந்திரிச்சு நின்னு நன்றி சொன்னேன். கேக் குடுத்தாவ, தின்னேன். பெறகு கார் நிறுத்துத இடத்துல போயி கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டிருந்தேன். அழல அண்ணாச்சி. கார்க் கண்ணாடி பூரா பனி உறைஞ்சிருந்துச்சு, அதச் சுரண்டிக்கிட்டு இருந்தேன்.

அவ என்னயக் காப்பாத்தினாளா, குத்தினாளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. உங்களுக்கு என்ன தோணுது? சரி, விடுங்க.

ஊருக்குத் திரும்புறப்ப சிகாகோவுல இருந்துதான் பிளைட்டு. நான்தான் கார்ல கொண்டுபோயி விட்டேன். பாதி வழியில கேட்டேன், “ஏட்டி, என் மேல கோவமா?”ன்னு. அவ சன்னல் வழியா பாத்துக்கிட்டே, “கோவமெல்லாம் இல்ல. உங்க ஊர்ல உங்களுக்கு இடைஞ்சலா இருந்துட்டேன், அதுதான் மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு”ன்னா. உங்க ஊர்ன்னா. அவ தப்பு பண்ணின மாதிரி சொல்லுதா. ரோட்டைப் பாத்து ஓட்டினேன். ஏர்ப்போர்ட்டுல என் காலத் தொட்டுக் கும்பிட்டா. நல்லா இருன்னேன்.

அதுக்குப் பெறகுதான் பெரிய கூத்து. அண்ணன் போன் போட்டு, “எலே சேர்மா, மகளா வச்சுப் பாத்தியாமே. சித்தப்பா அங்க கூட்டிட்டுப் போனாவ, இங்க கூட்டிட்டுப் போனாவ, அவிய ஆபீசுலயே எல்லாருக்கும் நான்னா உசுருன்னு ஒரே பெருமையாச் சொல்லுதா”ன்னான். அவன் குரல் தழுதழுக்குது. நான் போனப் பிடிச்சுக்கிட்டு உம், உம்முங்கேன். அங்க அண்ணன்கிட்ட மட்டும் சித்தப்பா இருக்கேன் பாத்தீங்களா. என்கிட்டதான் இல்ல.

இப்ப நிச்சயம். தட்டு மாத்துறதுக்கு அவன் பக்கத்துல நான் வந்து நிக்கணும்னுட்டான். “நீ இல்லாம எப்படிடே”ங்கான். தமயந்தி கல்யாணத்துக்கு வருவா. அவளுக்கு இப்ப லீவு இல்ல. வேலை இருக்குன்னு நானும் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைச்சேன். வாயில வரல. பிளைட்டுல வரும்போது முழுக்க ஒத்திகை பாத்துக்கிட்டு வந்தேன். இசக்கி, நான் அன்னைக்குச் சொன்னது தப்புன்னு. தமிழ்ல அதச் சொல்லவே வர மாட்டேங்கு. சித்தப்பன் போயி மககிட்ட மன்னிப்புக் கேட்டு நம்ம பக்கம் எங்க பாத்திருக்கோம்? இங்கிலீசுல சாரின்னு சொல்லிரலாம். லேசா வந்துரும். ஆனா கேத்லின்கிட்ட இங்கிலீசுல பேசினதுனாலதானே எல்லாம்.

இது நாசரேத்தா? தாண்டியாச்சா? அப்ப வந்துட்டு.

இருங்க, போன். ஆ, சொல்லும்மா. ஆமா, ஏ.சி. பெட்டிதான். முன்னால இருந்து மூணாவது. நீயா வந்திருக்க? அப்பா வரலையா? யாரு? மாப்பிள்ளையா? அவரு எதுக்கும்மா அலையணும். சரி. சரி. வாரேன்.

பாத்தீங்களா, இப்பவும் இல்ல. “எந்தப் பெட்டியில இருக்கீங்க”ன்னு கேக்கா. நல்லா இருக்கீங்களான்னு கேக்கா. அம்புட்டுதான். கோவில்பட்டிப் பையன், பொதுப்பணித் துறையில இஞ்சினியர். நான் இன்னும் பாத்ததில்ல. அவனுக்கும் என்னயத் தெரியாது. கூட்டிட்டு வந்திருக்காளாம்.

அந்தப் பெட்டிய மட்டும் கொஞ்சம் இழுத்துக் குடுங்க அண்ணாச்சி. போதும், போதும், நான் எடுத்துக்கிடுதேன்.

அந்தா நிக்கா பாருங்க. மஞ்சள் சுடிதார். பக்கத்துல வெள்ளைச் சட்டை, அவன்தான் போல இருக்கு. நல்ல வாட்டசாட்டமான பையன். நம்மளப் பாத்துட்டா. கையக் காட்டுதா. அவன் ஏதோ கேக்கான். என்னயத்தான் காட்டிக் கேக்கான், யாருன்னு கேக்கான்.

சொல்லுதா. வாய் அசையுது பாருங்க. இந்தப் பாழாப்போன கண்ணாடியில ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. நீங்க சன்னல் பக்கம் இருக்கீங்களே. உங்களுக்குக் கேக்குதா? என்னன்னு சொல்லுதா?